2 வோல்ட் சோர்ஸ், அரை வோல்ட் ஆம்ப்: பவர் ஆம்பின் சென்சிட்டிவிட்டியைப் பொருத்துவது எப்படி

வால்யூமைக் கால்வாசி திருப்பியதுமே ஜன்னல் அதிர்ந்தால் 'ஆம்ப் செம பவர்' என்று சொல்லிவிடுகிறோம். பவருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த ஆம்ப் தன் முழு பவரைத் தொட எவ்வளவு சின்ன சிக்னல் போதும் என்பதைத்தான் அது காட்டுகிறது. மிச்ச முக்கால் சுற்றில் இருப்பது வெறும் கிளிப்பிங், அதாவது ஆம்ப் எல்லையை முட்டி அலையின் உச்சி வெட்டப்படுவது. இன்றைய வீட்டு செட்களில் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) போதாமல் தவிப்பவை குறைவு. வேண்டியதைவிட 15, 20 டெசிபல் கூடுதலாக வைத்துக்கொண்டு தவிப்பவைதான் அதிகம். பாட்டு நின்ற பிறகும் ட்வீட்டரில் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல், இரவில் மெதுவாக வைத்தால் ஒரு பக்கம் மட்டும் பாடுவது, வால்யூம் குமிழைத் தொட்டாலே எகிறுவது எல்லாம் அதன் விளைவுகள். பெரும்பாலும் இதற்குப் புதிய ப்ரீஆம்ப் (பவர் ஆம்புக்கு முன்னால் வரும் வால்யூம், டோன் கட்டம்) தேவைப்படாது. சேனலுக்கு இரண்டு ரெசிஸ்டர் போதும்.

எண்ணைப் படிப்பது

சென்சிட்டிவிட்டி என்பது பவர் ஆம்ப் தன் முழு பவரைக் கொடுக்க இன்புட்டில் வேண்டிய ஆர்எம்எஸ் வோல்டேஜ். 100 வாட்டை 8 ஓமில் கொடுக்க அவுட்புட்டில் 28.3 வோல்ட் வேண்டும். பவரையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வருவது. இன்புட்டில் 1 வோல்ட்டுக்கு அது கிடைத்தால் கெயின் 28.3 மடங்கு, அதாவது 29 டெசிபல். 1.4 வோல்ட் கேட்டால் 26 டெசிபல், 2 வோல்ட் கேட்டால் 23 டெசிபல். மூன்றும் ஒரே 100 வாட் ஆம்ப்தான். கேட்கும் வோல்ட் கூடக் கூட கெயின் குறைவு.

பெட்டியின் மேல் விளம்பரத்துக்கு ஊதி அச்சிட்ட பிஎம்பிஓ வாட் எண்ணை இந்தக் கணக்கில் நுழைக்காதீர்கள். அசெம்பிள் செய்த ஆம்ப் என்றால் ட்ரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள். 24-0-24 ட்ரான்ஸ்ஃபார்மர் சும்மா இருக்கும்போது பிளஸ் மைனஸ் 33 வோல்ட் தரும். லோடில் சரிவதும் டிரான்சிஸ்டரில் போவதும் கழிந்தால் உச்சம் சுமார் 28 வோல்ட், ஆர்எம்எஸ் 20 வோல்ட். 8 ஓமில் அது 50 வாட். போர்டில் ஐந்து ஜோடி 5200/1943 அவுட்புட் டிரான்சிஸ்டர் மாட்டியிருந்தாலும் அதே 50 வாட்தான். டிரான்சிஸ்டரைக் கூட்டினால் கரண்ட் தாங்கும் திறன்தான் கூடும், வோல்டேஜ் கூடாது.

சோர்ஸ் என்ன தருகிறது

சிடி பிளேயரும் வீட்டு டாக்கும் (DAC, டிஜிட்டலை அனலாக் சிக்னலாக்கும் பெட்டி) டிஜிட்டல் முழு அளவில் 2 வோல்ட் தருவது வழக்கம். பேலன்ஸ்டு அவுட்புட் (சிக்னலை எதிரெதிராக இரண்டு கம்பியில் அனுப்புவது) என்றால் 4. ஃபோனின் ஹெட்ஃபோன் பின் அரை வோல்ட் முதல் 1 வோல்ட் வரை. ரெக்கார்டு பிளேயரின் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் 3 முதல் 5 மில்லிவோல்ட். அதை 40 டெசிபல் ஃபோனோ ஸ்டேஜ் 100 மடங்காக்கினால் கிடைப்பது பொதுவாக அரை வோல்ட் வரை, பாட்டின் உச்சங்களில் அதைவிட நன்றாக மேலே போகும். மூவிங் காயில் பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்டுக்கும் கீழே, ஆகவே அதற்கு 60 டெசிபல்.

பழைய ஆம்ப் வைத்திருப்பவர்கள் இங்கே நின்று கவனிக்க வேண்டும். 1970களின் ஜப்பான் ஆம்ப்களில் ஆக்ஸ் இன்புட் 150 மில்லிவோல்ட்டுக்கு முழு பவர் போகும்படி அமைந்திருக்கும். அன்றைய ட்யூனருக்கும் டேப் டெக்குக்கும் அது பொருத்தம். அதில் 2 வோல்ட் சிடி பிளேயரைச் செருகினால் உபரி 22 டெசிபலுக்கும் மேல். வால்யூம் 8 மணி நிலையைத் தாண்ட முடியாமல் போவதற்குக் காரணம் இதுதான், ஆம்ப் கெட்டுப்போகவில்லை.

உங்கள் ஆம்பை அளப்பது

காகிதத்தில் எண் இல்லாவிட்டால் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டரே போதும். 200 ஹெர்ட்ஸ் சைன் டோனை ஃபோனில் ஏற்றிக்கொள்ளுங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் வேண்டாம், மலிவான மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏசியைக் குறைத்துக் காட்டத் தொடங்கும். 50, 100 ஹெர்ட்ஸும் வேண்டாம், மெயின்ஸ் ஹம் அளவோடு கலந்துவிடும்.

ஸ்பீக்கரைக் கழற்றுங்கள். டிரான்சிஸ்டர் ஆம்புக்கு லோடு இல்லாமல் ஓடுவதில் பிரச்சினை இல்லை. வால்வு ஆம்பை மட்டும் ஒருபோதும் லோடு இல்லாமல் ஓட்டக் கூடாது, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும். அதற்கு 8 ஓம் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்றைக் கட்டுங்கள். இன்புட்டில் மீட்டரை வைத்து 0.100 வோல்ட் வரும்வரை ஃபோன் வால்யூமை ஏற்றுங்கள். பிறகு மீட்டரை அவுட்புட்டுக்கு மாற்றுங்கள். அங்கே 3.3 வோல்ட் காட்டினால் கெயின் 33 மடங்கு. மேலே சொன்ன 24-0-24 ஆம்ப் 20 வோல்ட்டில் முடிகிறது. 20-ஐ 33-ஆல் வகுத்தால் சென்சிட்டிவிட்டி 0.6 வோல்ட்.

கிளாஸ் டி (ஸ்விட்சிங் முறையில் ஓடும்) போர்டில் அளக்கும்போது இரண்டு எச்சரிக்கை. அவுட்புட்டின் இரு முனையிலும் பெரும்பாலும் சிக்னல் ஓடும், எதுவும் கிரவுண்டு இல்லை. மல்டிமீட்டர் கிரவுண்டோடு சேராததால் ஒன்றும் ஆகாது, ஆனால் ஆஸிலாஸ்கோப்பின் கிரவுண்டு கிளிப்பை அங்கே மாட்டினால் சிப் காலி. ஸ்விட்சிங் எச்சமும் சில மீட்டர்களைக் குழப்பும். டோனை நிறுத்தியபின் ரீடிங் பூஜ்யத்துக்கு அருகே வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்புட் இம்பீடன்ஸும் (இன்புட் சிக்னலுக்குக் காட்டும் தடை) தெரிந்தால் நல்லது. கப்ளிங் கெப்பாசிட்டர் வழியில் இருப்பதால் ஓம் மீட்டர் உதவாது. அதே டோனில், இன்புட்டுக்குத் தொடராக 10 கிலோ ஓம் சேர்த்து அவுட்புட் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 3.3 வோல்ட் 2.72 ஆனால், 10 பெருக்கல் 2.72 வகுத்தல் 0.58. வருவது 47 கிலோ ஓம்.

உபரியைக் கணக்கிடுவது

இப்போது எல்லாவற்றையும் ஒரே வரியில் நிறுத்துவோம். சோர்ஸ் 2 வோல்ட், ஆம்ப் கேட்பது 0.6 வோல்ட். ப்ரீஆம்ப் இல்லாமலே 10.4 டெசிபல் உபரி. நடுவில் 12 டெசிபல் கெயின் உள்ள டோன் போர்டு (பாஸ் டிரெபிள் போர்டு) ஒன்று இருந்தால் உபரி 22 டெசிபலைத் தாண்டுகிறது. லாக் பாட் (வால்யூம் குமிழுக்குப் பின்னால் இருக்கும் மாறும் ரெசிஸ்டர்) நடு நிலையில் 10 முதல் 15 சதவீதத்தைத்தான் விடும், அதாவது மைனஸ் 20 முதல் 16 டெசிபல். ஆகவே இந்த செட்டில் வால்யூம் 12 மணியை எட்டும் முன்பே ஆம்ப் தன் எல்லையில் நிற்கிறது.

சாதாரணமாகக் கேட்கும் அளவு இன்னும் பரிதாபம். 88 டெசிபல் ஸ்பீக்கரில் வீட்டுக்குப் போதுமான சத்தத்துக்குச் சராசரி 0.1 வாட் போதும். பாட்டின் உச்சங்களுக்கு 15 டெசிபல் ஒதுக்கினாலும் அது சுமார் 3 வாட்தான். 50 வாட்டுக்கு 12 டெசிபல் கீழே. பாட் நிற்க வேண்டிய இடம் மைனஸ் 34 டெசிபல். நடு இரவில் இன்னும் 20 குறைத்தால் மைனஸ் 54. மலிவான இரட்டை லாக் பாட்டில் மைனஸ் 40-க்குக் கீழே இடமும் வலமும் 2, 3 டெசிபல் பிரிந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் பாடுவது இப்படித்தான்.

உபரியை முழுதாகப் பூஜ்யமாக்கவும் கூடாது. மெதுவாகப் பதிவான கச்சேரி, பழைய ரெக்கார்டு, ஃபோனோ இவற்றுக்காக 6 முதல் 10 டெசிபல் கையில் இருப்பது நல்லது.

எங்கே வெட்டுவது

எல்லாம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. வெட்டும் இடம் தவறினால் ஒரு பயனும் இல்லை.

முதலில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒரு ஆர்சிஏ பிளக்கின் நடுப்பின்னையும் வெளி உறையையும் உள்ளேயே சால்டர் வைத்து இணைத்து ஷார்ட்டிங் பிளக் செய்துகொள்ளுங்கள். ஆம்பை அணைத்துவிட்டு பவர் ஆம்ப் இன்புட்டில் அதைச் செருகி, ஆன் செய்து, காதை ட்வீட்டருக்கு அருகே கொண்டுபோங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் அது பவர் ஆம்பின் சொந்தச் சரக்கு. வெளியே என்ன செய்தாலும் குறையாது. இரைச்சல் மறைந்து, ப்ரீஆம்பைத் திரும்ப மாட்டியதும் வருகிறது, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தாலும் மாறவில்லை என்றால் அது வால்யூம் பாட்டுக்குப் பின்னால் இருக்கும் கட்டத்தின் இரைச்சல். பேட் (சிக்னலைக் குறைக்கும் அந்த இரண்டு ரெசிஸ்டர்) ஒன்றை ப்ரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவே வைப்பதால் தீரும் நோய் இதுதான்.

எவ்வளவு தீரும்? ப்ரீஆம்ப் 100 மைக்ரோவோல்ட் இரைச்சல் தருகிறது என்று வையுங்கள். 33 மடங்கில் அது ஸ்பீக்கரில் 3.3 மில்லிவோல்ட். 2.83 வோல்ட்டுக்கு 90 டெசிபல் தரும் ஸ்பீக்கரில் ஒரு மீட்டரில் 31 டெசிபல். அமைதியான அறையில் நன்றாகக் கேட்கும். 10 டெசிபல் பேட் வைத்தால் 21. உட்காரும் இடத்தில் காணாமல் போய்விடும். 104 டெசிபல் ஹார்ன் ஸ்பீக்கர்காரர்களுக்கு 14 டெசிபல் கூடுதல் தண்டனை என்பதால் அவர்களுக்கு 20 டெசிபல் பேட்கூட நியாயமே.

மூன்றாவது வகை ஒன்று உண்டு: வால்யூமைக் குறைத்தாலும் கரகரப்பு போகாதது. வால்யூம் பாட்டுக்கு முந்தைய கட்டம் தன் எல்லையை முட்டிக் கிளிப் ஆகிறது என்று பொருள். 4558 ஓப்ஆம்ப் வைத்து 12 வோல்ட் ஒற்றை சப்ளையில் ஓடும் பாஸ் டிரெபிள் போர்டுகளில் இது சகஜம். அதிகபட்சம் 3 வோல்ட் ஆர்எம்எஸ் சுற்றுவட்டாரத்தில்தான் அதனால் கொடுக்க முடியும். 2 வோல்ட்டை உள்ளே விட்டு பாஸை 12 டெசிபல் ஏற்றினால் அது கொடுக்க வேண்டியது 8 வோல்ட். தபேலாவும் பாஸ் கிடாரும் விழும்போது மட்டும் கிழிவது அதனால்தான். இதற்கு பேட் டோன் போர்டின் இன்புட்டில் வர வேண்டும், அவுட்புட்டில் அல்ல. வால்யூம் பாட்டை டோன் போர்டுக்கு முன்னால் நகர்த்துவதும் ஒரு வழி. அப்படிச் செய்தால் போர்டின் இரைச்சல் வால்யூமோடு குறையாது என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பேட் கட்டுவது

கால் வாட், 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்கள். ஒன்று சிக்னல் வழியில் தொடராக. மற்றது ஆம்ப் பக்கத்தில் சிக்னலிலிருந்து கிரவுண்டுக்கு. 47 கிலோ ஓம் இன்புட் உள்ள ஆம்புக்கு:

6 டெசிபல்: தொடர் 4.7 கிலோ, கிரவுண்டுக்கு 5.6 கிலோ
10 டெசிபல்: தொடர் 10 கிலோ, கிரவுண்டுக்கு 4.7 கிலோ
12 டெசிபல்: தொடர் 10 கிலோ, கிரவுண்டுக்கு 3.9 கிலோ
20 டெசிபல்: தொடர் 10 கிலோ, கிரவுண்டுக்கு 1.2 கிலோ

துல்லியமாக அதே டெசிபல் வராது, அரை டெசிபல் முன்பின் இருக்கும். இரண்டு சேனலும் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். ஆகவே மீட்டரில் அளந்து ஜோடி சேருங்கள். ஆம்பின் இன்புட் 22 கிலோ ஓம் ஆனாலும் 10 டெசிபல் பேட்டில் 0.6 டெசிபல்தான் கூடும். நம் 0.6 வோல்ட் ஆம்புக்கு இந்தப் பேட்டைப் போட்டால் அது 2 வோல்ட் கேட்கும் ஆம்பாக மாறிவிடுகிறது. டோன் போர்டின் 12 டெசிபல் அப்படியே கையிருப்பு.

இரண்டு ரெசிஸ்டரும் ஆர்சிஏ பிளக்கின் உறைக்குள் அடங்கும். கேபிளின் நடுக் கம்பிக்கும் பிளக்கின் நடுப்பின்னுக்கும் இடையே தொடர் ரெசிஸ்டர்; நடுப்பின்னிலிருந்து உறைக்கு மற்றது. ஸ்லீவ் போட மறக்காதீர்கள். இந்தப் பிளக் ஆம்ப் பக்கம் போக வேண்டும், கேபிளில் குறியிட்டு வையுங்கள். ஆம்ப் முனையில் வைப்பதில் இன்னொரு ஆதாயம்: இரண்டு பெட்டிகளின் கிரவுண்டுகளுக்கு இடையே ஓடும் ஹம்மும் சிக்னலோடு சேர்ந்து குறையும். அதற்காக எர்த் பின்னை வெட்டும் வேலைக்கு மட்டும் போகாதீர்கள்.

தவறுவது இரண்டு இடத்தில். கிரவுண்டு ரெசிஸ்டர் சோர்ஸ் பக்கம் போய்விட்டால் குறைவது ஒன்றரை டெசிபல் சுமார்தான். 'பேட் வேலை செய்யவில்லை' என்ற புகாரின் காரணம் பெரும்பாலும் இதுவே. ஒரே 100 கிலோ ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு வேலையை முடிப்பது இரண்டாவது. 10 டெசிபல் குறையும், உண்மை. ஆனால் ஆம்ப் பார்க்கும் இம்பீடன்ஸ் 32 கிலோ ஓம் ஆகிவிடும். இன்புட்டில் 220 பிகோஃபாரட் ஃபில்டர் இருந்தால் 22 கிலோஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் இறங்கி, ஹைஹாட்டின் மினுமினுப்பு மங்கும்.

முந்தைய கட்டம் வால்வு ப்ரீஆம்ப் என்றால் இன்னொரு கணக்கு. 10 டெசிபல் பேட்டின் இன்புட் 14 கிலோ ஓம். ப்ரீஆம்பின் அவுட்புட் கெப்பாசிட்டர் 0.47 மைக்ரோஃபாரட் என்றால் 24 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் போய்விடும். நேராக 47 கிலோவில் அது 7 ஹெர்ட்ஸ்தான். கெப்பாசிட்டரை 1 மைக்ரோஃபாரட் ஆக்குங்கள், அல்லது பேட்டின் இரு மதிப்பையும் மூன்று மடங்காக்குங்கள்.

ஆம்பின் கெயினையே மாற்றுவது

பவர் ஆம்பின் சொந்த இரைச்சல்தான் தொல்லை என்றால் கெயினைக் குறைப்பதே வழி. டிபிஏ3116 என்ற கிளாஸ் டி சிப் உள்ள போர்டுகளில் இது எளிது. அந்தச் சிப்புக்கு 20, 26, 32, 36 டெசிபல் என்று நான்கு நிலை உண்டு. 24 வோல்ட் சப்ளையில் 8 ஓமில் 30 வாட், அதாவது 15.5 வோல்ட் என்று கொண்டால் நான்கின் சென்சிட்டிவிட்டி முறையே 1.55, 0.78, 0.39, 0.25 வோல்ட். 2 வோல்ட் டாக்குக்கு 20 டெசிபல் நிலையே போதும். கெயின் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 5.6 கிலோ வைத்து, ஜிவிடிடி (சிப்பின் உள் சப்ளை பின்) பக்கம் போகும் ரெசிஸ்டரை எடுத்துவிட்டால் 20 டெசிபல். 20 கிலோவும் ஜிவிடிடிக்கு 100 கிலோவும் 26 டெசிபல். பவர் போட்ட கணத்தில் சிப் அந்த மதிப்பைப் படித்துக்கொள்ளும், ஓடும்போது மாற்றினால் பயனில்லை. கெயின் குறைந்தால் இன்புட் இம்பீடன்ஸும் ஏறும்: 36-இல் 9 கிலோ, 20-இல் 60 கிலோ. கெப்பாசிட்டர் 1 மைக்ரோஃபாரட் என்றால் 9 கிலோவில் 18 ஹெர்ட்ஸ், 60 கிலோவில் 3 ஹெர்ட்ஸுக்கும் கீழே.

எல்எம்3886 போன்ற சிப்களில் ஃபீட்பேக் ரெசிஸ்டரை மாற்றலாம், ஆனால் 10 மடங்குக்குக் கீழே அது ஊசலாடும். டிடிஏ7294-ஐ 26 டெசிபலுக்குக் கீழே இறக்காதீர்கள். 5200/1943 டிரான்சிஸ்டர் போர்டில் ஃபீட்பேக்கைத் தொடுவது ஸ்கோப் இல்லாதவர் செய்யும் வேலை அல்ல. காதுக்குக் கேட்காத ஊசலாட்டம் முதலில் ஹீட்சிங்கையும் பிறகு ட்வீட்டரையும் தின்னும்.

போதாமல் போகும் இடங்கள்

அரை வோல்ட் ஃபோனை 1.55 வோல்ட் ஆம்பில் நேராக மாட்டினால் 30 வாட்டில் 3 வாட்தான் கிடைக்கும். ஆம்பை மாற்றாதீர்கள். பிளஸ் மைனஸ் 15 வோல்ட்டில் 5532 ஓப்ஆம்ப், 2.2 கிலோவும் 1 கிலோவும் வைத்து 3.2 மடங்கு நான்இன்வெர்டிங் கட்டம் ஒன்று போதும், 10 டெசிபல். புளூடூத் என்றால் ஃபோன் வால்யூமை முழுதாக வைத்துவிட்டு ஆம்பில் குறையுங்கள்.

வெறும் பாட் மட்டும் உள்ள பாசிவ் ப்ரீஆம்புக்கு 10 கிலோ பாட் எடுங்கள். 100 கிலோ பாட்டின் அவுட்புட் இம்பீடன்ஸ் 25 கிலோ வரை ஏறும். 300 பிகோஃபாரட் உள்ள மூன்று மீட்டர் கேபிளோடு சேர்ந்தால் 21 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபல் இறக்கம். டிஜிட்டல் வால்யூம் மட்டும் உள்ள டாக்கை பவர் ஆம்பில் நேராக மாட்டுபவர்கள் பேட் இல்லாமல் மாட்டவே கூடாது. சாஃப்ட்வேர் ஒரு தடவை முழு வால்யூமில் விழித்தால் ட்வீட்டர் அன்றோடு சரி.

பேலன்ஸ்டும் மேடையும்

பேலன்ஸ்டு அவுட்புட்டிலிருந்து (மூன்று பின் எக்ஸ்எல்ஆர்) ஆர்சிஏவுக்கு எடுக்கும்போது பின் 2 சிக்னல், பின் 1 கிரவுண்டு. பின் 3-ஐ என்ன செய்வது என்பது அவுட்புட்டைப் பொறுத்தது: ட்ரான்ஸ்ஃபார்மரும் சர்வோ வகையும் என்றால் பின் 1-ஓடு சேர்க்க வேண்டும், இரண்டு ஓப்ஆம்ப் தனித்தனியாக ஓட்டும் வகை என்றால் சும்மா விட வேண்டும், வோல்டேஜ் பாதியாகும். எக்ஸ்எல்ஆர் இன்புட்டுக்கு பேட் கட்டினால் பின் 2, பின் 3 இரண்டிலும் தொடராக 4.7 கிலோ, அவற்றுக்கு நடுவே குறுக்கே இன்னொரு 4.7 கிலோ, 20 கிலோ இன்புட்டில் சுமார் 11 டெசிபல். தொடரில் வரும் இரண்டும் அச்சாக ஒத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஹம்மை ஒதுக்கும் குணம் கெடும்.

மைக் செட் ஆம்ப்களின் பின்புறம் 0.775 வோல்ட், 1.4 வோல்ட், 26 டெசிபல் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். 8 ஓமில் 1000 வாட் ஆம்ப் 0.775 நிலையில் 41 டெசிபல் கெயின், 500 வாட் ஆம்ப் அதே நிலையில் 38. சப்வூஃபருக்குப் பெரியதும் டாப்புக்குச் சின்னதும் வைத்து கிராஸ்ஓவர் போட்டால் சப் 3 டெசிபல் தூக்கலாக ஓடும். எல்லாவற்றையும் 26 டெசிபலில் வைத்தால் இந்தக் குழப்பம் இல்லை. 1000 வாட் ஆம்ப் அப்போது 4.5 வோல்ட் கேட்கும், பிளஸ் 15 டிபியு (0.775 வோல்ட்டைப் பூஜ்யமாக வைத்த டெசிபல்), நல்ல மிக்சர் சிரமமில்லாமல் தரும். முன்புறக் குமிழைப் பாதி வைத்தால் ஸ்பீக்கர் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தக் குமிழ் இன்புட்டில் இருக்கும் பேட் மட்டுமே. மிக்சரில் ஃபேடரை ஏற்றினால் ஆம்ப் அதே 1000 வாட்டைக் கொடுக்கும். ஸ்பீக்கரைக் காக்க லிமிட்டர் (சிக்னல் ஒரு வரம்பைத் தாண்டாமல் தடுக்கும் கருவி) தான் வேண்டும், அதன் வரம்பை ஆம்பின் கெயினை வைத்துக் கணக்கிட வேண்டும்: 300 வாட் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 49 வோல்ட், 20 மடங்கால் வகுத்தால் லிமிட்டர் 2.45 வோல்ட்டில், பிளஸ் 10 டிபியுவில் நிற்க வேண்டும். குமிழ் முழுதாகத் திறந்திருக்கும்போதுதான் இந்தக் கணக்கு செல்லும்.